ஏழாவது கேள்வி

ஹல் நகரில் கிளம்பும்போது முப்பத்தொரு தலை.
பெட்ரோல் பங்க்கில் எண்ணினால் முப்பது.
கழிப்பறையிலிருந்து ஓடிவந்தான் ரெப்வார்,
ஈரக் கையைச் சட்டையில் துடைத்தபடி.
சரி, போகலாம்.

தார்ச்சாலை ஓரிடத்தில் முடிந்துவிடுகிறது,
பேச்சின் நடுவே எழுந்துபோனவர் மாதிரி.
நடுக்கோட்டை விளிம்புவரை ஒழுங்காகப் போட்டிருக்கிறார்கள்.
அப்புறம் காற்று.
கீழே, பால் கூடிப்போன தேநீர் நிறத்தில்
வட கடல்.

விளிம்புக்கு ஐந்து மீட்டர் முன்னால் நிற்கணும்,
தாண்டினால் கத்துவேன் என்றேன்.
இரண்டு முறை கத்தினேன்.

சிவப்பு வெள்ளைக் கம்பங்கள், சரிவுமானி மூன்று
(ஒன்று பேருந்திலேயே உடைந்தது),
மழையில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட பணித்தாள்கள்.
கடைசி ஐந்து மீட்டர் என் பங்கு:
அளவுநாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு
புல்லில் வயிறு தேய ஊர்ந்து போனேன்.
நான் கையெழுத்திட்ட ஆபத்து மதிப்பீட்டுப் படிவத்தில்
இது இல்லை.

போன வருடம் இதே வேலிக்கால், இதே நாடா, இருபத்தாறு.
"பத்தொன்பது, மிஸ்" என்று கத்தினான் எல்லிஸ்.
திரும்பப் பார் என்றேன்.
"பத்தொன்பதுதான். நான் என்ன பண்ண?"

அப்போதுதான் கேரவன் கதவு திறந்தது.
வீட்டுச் செருப்பு, மழைக்கோட்டு, கக்கத்தில் ஒரு நாய்.
டோரீன் கிலியார்ட் என்று பெயர் சொன்னாள்.
"அந்த நாடா எவ்வளவு நீளம்?"
ஐம்பது.
"அப்போ என் கழிவுத்தொட்டியையும் அளந்துடுங்க.
கவுன்சில் படிவத்துல ஒரு எண் கேக்குறாங்க.
நானா எழுதினா நம்ப மாட்டாங்க."

முப்பத்தொரு பேரும் தொட்டியைச் சூழ்ந்துகொண்டார்கள்.
காலையிலிருந்து இவ்வளவு ஆர்வம் பார்க்கவில்லை.
பதினொன்று புள்ளி நாற்பது.
டோரீன் புறங்கையில் எழுதிக்கொண்டாள்.
துணிக்கொடி எங்கே இருந்தது என்று யாரோ கேட்க,
அலைகளுக்கு மேலே வெறும் காற்றில்
ஒரு புள்ளியைக் காட்டினாள்,
அங்கே இன்னும் போர்வை காய்கிற மாதிரி.

ஸோஃபியாவின் தோளுக்கு மேலிருந்து
பணித்தாளை அவள் படித்தது எனக்குத் தெரியவில்லை.
"ஏழாவது கேள்வி.
இந்தக் கரையைப் பாதுகாப்பது செலவுக்குத் தகுமா?
காரணங்களுடன் விளக்குக. ஆறு மதிப்பெண்."
கொஞ்சம் நிறுத்தி,
"இதுல நானும் இருக்கேனா?"

கேள்வி என்னுடையது.
ஞாயிற்றுக்கிழமை மாலை, சாப்பாட்டு மேசையில்,
பத்து நிமிடத்தில் எழுதியது.
ஸோஃபியா என்னைப் பார்த்தாள்.
நான் நாடாவைச் சுற்றத் தொடங்கினேன்,
சுற்றி முடித்ததை அவிழ்த்து மறுபடியும் சுற்றினேன்.

"தகாதுன்னுதான் எழுதணும்" என்றான் ரெப்வார்.
"அதுக்குத்தான் மார்க்."

நாயை மறு கக்கத்துக்கு மாற்றினாள் டோரீன்.
"சரியாத்தான் சொல்றான். நானே அதைத்தான் எழுதுவேன்.
நாலு கேரவனுக்கு யாரு சுவர் கட்டுவா?
அந்தப் பதினொண்ணு நாப்பது மட்டும்
நிச்சயம்தானே?"
ஸோஃபியா பதில் சொல்லாமல்
நாடாவை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போனாள்.

திரும்பும் வழியில் எல்லிஸின் சாப்பாட்டு டப்பாவில்
சிவந்த களிமண்ணும் ஒரு கல்லும்.
நார்வேயிலிருந்து பனிப்பாறை இழுத்துவந்ததாக இருக்கலாம்,
இந்தக் கரை மண்ணே பனி கொண்டுவந்து கொட்டியதுதான் என்றேன்.
"அப்போ இதுவும் வந்து குடியேறினதுதானா?"
சிரிப்பு பின் இருக்கைகள்வரை போனது.
ரெப்வார் அந்தக் கல்லை வாங்கி
ஜன்னலோரம் வைத்துக்கொண்டு
ஹல் வரும்வரை தரவில்லை.

வியாழன் இரவு திருத்தினேன்.
முப்பது பேர் 'தகாது'.
மீட்டருக்கு இத்தனை ஆயிரம் பவுண்டு,
விளைநிலத்தின் மதிப்பு, தென்கரையில் மணல் குறையும் அபாயம்,
எல்லாம் நான் சொல்லிக்கொடுத்த வரிசையில்.
ஐந்து, ஆறு, ஐந்து, ஆறு.

ஸோஃபியாவின் தாளில் விடை இல்லை.
பென்சிலில், கோட்டுக்கு வெளியே:
தொட்டி 11.40 மீ.
மறுபடி அளந்தேன். 11.40 மீ.

விடைக்குறிப்பை இரண்டு தடவை புரட்டினேன்.
தேநீர் ஆறிப்போயிற்று.
ஆறுக்கு ஒன்று போட்டேன்,
அலகு எழுதியிருக்கிறாள் என்பதற்காக.